ஆளில்லாத கட்டடப் படங்கள்: தொண்டி முதல் தனுஷ்கோடி வரை

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை காலை 6.10-க்குக் காரைக்குடியில் பேருந்து ஏறி, தொண்டி, இராமநாதபுரம், இராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று இரண்டு நாள் சுற்றிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பினேன். இதே பாதையில் போன வருடம் ஜனவரியிலும் போயிருக்கிறேன். அப்போது எழுதிய கட்டுரை இந்த வலைப்பூவிலேயே இருக்கிறது. நேற்று அதைத் திருப்பிப் படித்தேன். ‘போனேன்’, ‘எடுத்தேன்’, ‘சாப்பிட்டேன்’ என்று நெடுக ஒருமையிலேயே எழுதியிருக்கிறேன். உண்மையில் அந்தப் பயணத்தில் என் மனைவி வசந்தாவும் கூட வந்திருந்தாள். மதியம் சாப்பிட்ட மீன் குழம்பைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அவள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

வசந்தா போன ஐப்பசியில் இறந்துவிட்டாள். இருதயக் கோளாறு. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. வருகிற ஐப்பசியில் தலைத் திவசம். அதற்குள் அவளுடைய படம் ஒன்று வேண்டும் என்று சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் கயல் கேட்டாள். அந்தப் படத்தைத் தேடித்தான் இந்தப் பயணம்.

அவள் படமே இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் கல்யாண ஆல்பம் இருக்கிறது. கயல் கல்யாணத்தில் எடுத்தவை இருக்கின்றன. அவை ஒன்பது வருடப் பழசு. கயல் கேட்டது கடைசிக் காலத்துப் படம்.

“அப்பா, வீடியோ கால்ல அம்மாவோட நெத்தியும் ஃபேனும்தான் தெரியும். போனை எப்படிப் பிடிக்கணும்னு கடைசி வரைக்கும் அவங்களுக்கு வரல. அப்புறம் நான் பாத்தது ஐஸ் பெட்டிக்குள்ள. இப்ப அம்மாவை நெனச்சா அந்த முகம்தான் வருது. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் ஊர் ஊராச் சுத்துனீங்களே, நல்லதா ஒண்ணு அனுப்புங்கப்பா” என்றாள்.

நியாயமான கேள்வி. என் ஹார்ட் டிஸ்க்கில் 11,460 படங்கள் இருக்கின்றன. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வசந்தா ஒன்றிலும் இல்லை.

இது எப்படி நடந்தது என்பதைப் புதிதாகக் கட்டடப் படம் எடுக்கக் கற்பவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கோடு கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்றதும் கேமரா வாங்கி, காரைக்குடியிலேயே இருக்கும் பெரிய வீடுகளில் பழக ஆரம்பித்தேன். வாட்ஸப்பில் ஒரு கட்டடப் புகைப்படக் குழுவில் சேர்ந்தேன். வாரம் ஒரு படம் அனுப்ப வேண்டும். குழுவை நடத்தும் பேராசிரியர் தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம், கட்டடப் படத்தில் ஆள் நிற்கக்கூடாது என்பது. கூட்டமுள்ள இடத்தில் என்ன செய்வது என்று கேட்டதற்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்கள். கேமராவை ட்ரைபாடில் அசையாமல் வைத்து, பத்து வினாடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பெரும்பாலான படங்களில் அதே இடத்தில் இருப்பதை மென்பொருள் வைத்துக்கொள்ளும். இடம் மாறிக்கொண்டே இருப்பதை அழித்துவிடும். தூண் நிற்கும், நடப்பவர் மறைந்துவிடுவார்.

இந்த வித்தையில் ஒரே ஒரு சிக்கல். ஒருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவர் மறைய மாட்டார். அதனால் போகிற இடமெல்லாம் வசந்தாவிடம் நான் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். “உக்காராதே, நடந்துக்கிட்டே இரு.” அவளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பாள். வீட்டுக்கு வந்ததும் அடுக்கி முடித்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு மூலப் படங்கள் பன்னிரண்டையும் அழித்துவிடுவேன். இடம் மிச்சம் பிடிக்கிற சிக்கனம். அழித்ததை மீட்கும் மென்பொருளையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அதே கார்டில் மேலே மேலே எழுதிவிட்டதால் ஒன்றும் வரவில்லை.

எனவே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போன தடவை போன இடங்களில் வேறு யாராவது அவளை எடுத்திருக்க மாட்டார்களா என்ற நப்பாசைதான்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி சுமார் 60 கி.மீ. எனக்கு டிக்கெட் 55 ரூபாய் ஆனது. 8.15-க்கு இறங்கினேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கடலுக்கு முந்தின தெருவுக்கு நடந்தேன். ஐந்து நிமிட நடை. அங்கே கப்பல் வியாபாரம் செய்தவர்கள் கட்டிய பழைய வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. பர்மா தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், கதவுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. போன தடவை ஒரு வீட்டு வாசல் கதவை எடுத்துக்கொண்டிருந்தபோது, வெயிலில் நின்ற வசந்தாவைப் பார்த்துத் தண்ணீர் கொடுக்க அந்த வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டார். அவர் பெயர் ஜெமிலா. கணவர் சார்ஜாவில் வேலை. வசந்தா புண்ணியத்தில் எனக்கும் உள்ளே போய் முற்றத்தை எடுக்க அனுமதி கிடைத்தது. அந்தப் படத்தைப் பிறகு அவருக்கும் அனுப்பிவைத்தேன்.

இப்போதும் ஜெமிலாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“வாங்க சார். அக்கா எங்க, பின்னாடி வாராகளா?”

“இல்லம்மா. போன ஐப்பசில தவறிட்டா.”

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்று, சாவுச் செய்தி கேட்டதும் சொல்லும் வார்த்தையை மெல்லச் சொன்னார். முற்றத்து ஓரம் நாற்காலி போட்டு, “இங்கன உக்காருங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் கதவோரம் நின்று என்னைப் பார்த்தார்கள்.

வந்த காரணத்தைச் சொன்னேன். தன் போனை எடுத்து, போன வருட ஜனவரி வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“என் போன்ல இல்ல சார். அன்னிக்கு அவுக சார்ஜாலருந்து வீடியோ கால் போட்டாக. அக்காவும் பேசுனாக. நல்லா சிரிச்சுப் பேசுனாக. ஆனா அது பேசி முடிச்சதும் போயிருமே, அதுல என்ன நிக்கும்?” என்றார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க எடுத்திருப்பீகன்னுல்ல நான் நெனச்சேன். அதுக்குத்தானே அக்கா ரெடியானாக” என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன ரெடியானாள் என்று கேட்டேன்.

“நீங்க முத்தத்துல கேமராவ நிப்பாட்டிக்கிட்டு இருந்தீக. அக்கா உள்ள வந்து முகத்தக் கழுவுனாக. என் சீப்ப வாங்கித் தலய ஒதுக்கிக்கிட்டாக. பவுடர் இருக்கான்னு கேட்டாக. ‘இப்படி ஒரு வீட்டுல நின்னு ஒரு படம் எடுத்துக்கணும், எங்க வீட்டுக்காரர் எடுப்பாரு’ன்னு சொல்லிட்டுத்தான் வெளிய வந்தாக.”

எனக்கு அந்தக் காட்சி நன்றாகவே நினைவிருக்கிறது. வலது பக்கம் மூன்றாவது தூணை ஒட்டி வந்து நின்றாள். என்னைப் பார்த்தபடி நின்றாள். நான் வியூஃபைண்டரில் தூண்களின் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “வசந்தா, அந்தத் தூணை மறைக்கிறே. நட” என்றேன். அவள் நடந்தாள். பன்னிரண்டு படங்களும் எடுத்து முடிக்கிற வரை, இரண்டு நிமிடமும் நடந்தாள். அந்தப் படத்துக்குத்தான் குழுவில் எனக்கு முதல் முறையாக ஒரு வட்டம்கூட விழவில்லை.

ஜெமிலாவிடம் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பற்றியே வேறொன்று சொன்னார்.

“அத அவுக பெரிசாப் போட்டு சார்ஜா ரூம்ல ஒட்டிவெச்சாக சார். கூடத் தங்கியிருக்கவுக எல்லாம் ‘என்ன பாய், வீட்டக் காலி பண்ணிட்டாகளா’ன்னு கேட்டிருக்காக. ரெண்டு நாள்ல கிழிச்சு எடுத்துட்டாக. ‘வீடு நல்லாத்தான் இருக்கு, நீங்க யாரும் இல்லையே, பாத்தா பயமா இருக்கு’ன்னு சொன்னாக. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். இப்ப ஒண்ணு எடுத்துத் தாரீகளா? நானும் புள்ளைகளும் இருக்கிற மாதிரி.”

பதினொரு மாதமாகக் கேமராவைத் தொடவில்லை. பேட்டரியை மட்டும் முந்தின நாள் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். ஜெமிலா முற்றத்தில் நின்றார், பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சின்னவள் நிற்கவே மாட்டேன் என்கிறாள். ஒரு கால் மாற்றி ஒரு கால் என்று ஆடிக்கொண்டே இருந்தாள். ட்ரைபாட் போடவில்லை. கையிலேயே பிடித்து எடுத்தேன். தூண்கள் லேசாகச் சாய்ந்திருந்தன, சின்னவளின் கை கலங்கியிருந்தது. சரிசெய்யாமல் அப்படியே அவர் போனுக்கு அனுப்பினேன். அவர் சார்ஜாவுக்கு அனுப்பினார். கால் மணி நேரத்தில் பதில் வந்ததாகச் சொன்னார். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார வைத்துச் சோறு போட்டார்.

தொண்டியில் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முற்றத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும், சுற்றியுள்ள தாழ்வாரம் இருட்டாக இருக்கும். ஒரே வெளிச்ச அளவில் எடுத்தால் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும். வெவ்வேறு அளவில் மூன்று எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள். யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் கேமராவைத் திருப்பாதீர்கள்.

2.20-க்குத் தொண்டியில் பேருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் 47 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். போன தடவை தங்கிய அதே லாட்ஜில் அறை எடுத்தேன், 900 ரூபாய். வரவேற்பறை மூலையில் இருக்கும் சிசிடிவியைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. மேலாளரிடம் போன வருடப் பதிவு இருக்குமா என்று கேட்டேன். என்ன களவு போச்சு என்று பதறிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அமைதியாகி, “பதினஞ்சு நாளைக்கு மேல அதுல நிக்காது சார். அதுவா அழிஞ்சு மேல மேல ஏறிக்கிரும்” என்றார். இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எத்தனை அநியாயமான ஏற்பாடு என்று உறைத்தது. அறைக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை 5.30-க்கு இராமேஸ்வரம் பேருந்து. 55 கி.மீ., ஒன்றரை மணி நேரம். பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் ரயில் பாலங்கள் இரண்டும் தெரியும், பழையதும், நடுவில் ஒரு பகுதி அப்படியே மேலே எழும்புகிற புதியதும். பேருந்து நிற்காது. படம் வேண்டுமென்றால் பாம்பனில் இறங்கி நடந்து வர வேண்டும். பாலத்தில் காற்று பலமாக இருக்கும், ட்ரைபாட் ஆடும், உப்புக் காற்று லென்ஸில் படிந்துவிடும். அடிக்கடி துடைக்க மெல்லிய துணி கையில் இருக்கட்டும். நான் இறங்கவில்லை. போன தடவை இறங்கி ஒன்றரை மணி நேரம் எடுத்தோம். அதாவது நான் எடுத்தேன், வசந்தா என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் அனுமதியில்லை. வெளியே பாதுகாப்பு அறைகளில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். போன தடவை லென்ஸையெல்லாம் யாரிடமோ கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. “நீ போயிட்டு வா” என்று அவளை அனுப்பிவிட்டு நான் வெளியே நின்று கோபுரத்தை எடுத்தேன். இருபத்திரண்டு தீர்த்தமும் அவள் தனியாக ஆடிவிட்டு, ஈரப் புடவையோடு இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். “உள்ள பிரகாரத்தப் பாத்திருக்கணும் நீங்க. ஒரு தூண்கூடக் கோடு தப்பல. உங்களத்தான் நெனச்சுக்கிட்டே வந்தேன்” என்றாள். எனக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஊம் கொட்டினேன்.

இந்தத் தடவை பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மூன்றாம் பிரகாரத்தில் நுழைந்து ஒரு மூலையில் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இருபத்தெட்டு வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த கண்ணுக்கு அது விருந்து. மேலே உள்ள கோடும் கீழே உள்ள கோடும் கடைசியில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்கின்றன. தரையெல்லாம் தீர்த்தத் தண்ணீர். தூணுக்குத் தூண் யாரோ ஈரத் துணியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வசந்தா எந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தபடி பிரகாரத்தை முழுதாகச் சுற்றி வந்தேன். அழுகை வந்தது. அங்கே அழுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

தனுஷ்கோடிக்கு ஆட்டோ பேசினேன். போக வர, அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க 900 ரூபாய். ஓட்டுநர் முனியசாமிக்கு நாற்பது வயதிருக்கும். “ரோடு முடியிற அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வந்துருவோமா சார்?” என்றார். வேண்டாம், இடிந்த சர்ச்சில் நிறுத்தினால் போதும் என்றேன். “எல்லாரும் முனைக்குத்தான் போகணும்பாக. நீங்க ஒருத்தருதான் சர்ச்சு போதுங்கிறீக” என்றார்.

இராமேஸ்வரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அறுபத்து நாலு புயலில் மிஞ்சிய சுவர்கள். பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. பலிபீடம் இருந்த இடத்தில் ஒரு வளைவு மட்டும் நிற்கிறது. சுற்றிலும் சங்கு, சிப்பிக் கடைகள். வாசல் பக்கம் பெரிய கேமராவோடும் சின்ன பிரிண்டரோடும் படம் எடுத்துக் கொடுப்பவர்கள் நாலைந்து பேர். போன தடவையும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சட்டத்தில் போட்ட மாதிரிப் படங்களைக் காட்டிக் கூப்பிட்டபோது வசந்தா நின்றாள். “ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். “நானே கேமரா வெச்சிருக்கேன், இவங்ககிட்ட எதுக்கு?” என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. நானே வைத்திருந்த கேமராவில் எடுத்துவிட வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை.

இப்போது அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். வேறு யாரையாவது படம் பிடித்தபோது அவள் பின்னால் தற்செயலாக விழுந்திருக்காதா என்று. “கார்டை அன்னன்னைக்கே அழிச்சிருவோம் சார். வாங்காத படத்த வெச்சு என்ன செய்ய?” என்றார் ஒருவர். அவர்களில் வயதில் பெரியவர் கொஞ்சம் இரக்கத்தோடு, “வேற எங்கயாச்சும் கேட்டுப் பாருங்க சார்” என்றார்.

வேறு எங்கே கேட்பது? வளைவுக்கு எதிரே, போன தடவை ட்ரைபாட் வைத்த இடத்தில் போய் நின்றேன். அப்போதுதான் நினைவு வந்தது. இந்த இடத்தில் அவள் நடக்கவில்லை. மூன்றாவது படமோ நான்காவது படமோ எடுக்கும்போது, வலது பக்கம் இடிந்த சுவர்மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். “என்னால முடியல. நீங்க எடுங்க” என்றாள். எனக்குக் கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீதியையும் எடுத்தேன். வீட்டுக்குப் போய் அடுக்கியபோது அந்த மூலையில் அழுக்கு மாதிரி ஏதோ விழுந்திருந்தது. கெட்டுப்போன படம் என்று அழித்துவிட்டேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால் அதைக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன்.

வசந்தா போன பிறகு குழுவிலிருந்து விலகி, அந்த உரையாடலையும் நீக்கிவிட்டேன். பேராசிரியரின் எண் மட்டும் இருந்தது. தனுஷ்கோடியில் போனுக்குச் சிக்னல் எடுக்கவில்லை, இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. முனியசாமியைக் கிளப்பி, திரும்பும் வழியில் சிக்னல் வந்ததும் அழைத்தேன்.

“அட, சர்வேயர் சாரா? எங்கே ஆளையே காணோம்?” என்று உற்சாகமாக ஆரம்பித்தார். தனுஷ்கோடி சர்ச் படம் ஒன்று அனுப்பியிருந்தேனே என்றேன்.

“அந்தப் பேய்ப் படமா? இருக்கே. புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் காட்டுவேன். ஆள் நகராம உக்காந்துட்டா எப்படிப் பேய் மாதிரி நிக்கும்னு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.”

“அது என் வீட்டுக்காரி சார். இறந்துட்டா. அந்தப் படத்தைக் கொஞ்சம் அனுப்புங்க” என்றேன்.

“மன்னிச்சிருங்க” என்றார். நான் மன்னிக்க அதில் ஒன்றுமில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் அவரும் நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னேன். வளைவு, நீல வானம், நேர்க்கோடுகள், எல்லாம் பாந்தமாக இருந்தன. வலது மூலையில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வசந்தா. முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாள் போல, அதனால் இடுப்புக்கு மேலே மென்பொருள் முக்கால்வாசி அழித்துவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னால் உள்ள கல் தெரிகிறது. மடியில் கயல் அனுப்பிய கடுகு நிறப் புடவை அரைகுறையாகத் தெரிகிறது. நீட்டி வைத்த கால்களை மட்டும் அவள் அசைக்கவே இல்லை. கழற்றி வைத்த செருப்பும், பக்கத்தில் இரண்டு பாதங்களும் நல்ல தெளிவாக விழுந்திருக்கின்றன.

“கெடைச்சிருச்சா சார்?” என்று முனியசாமி கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன்.

முகமில்லாத படத்தை மகளுக்கு அனுப்புவதா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் இராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, வட்டத்தோடு அப்படியே அனுப்பினேன். ‘இது ஒன்றுதான் இருக்கிறது, கயல்’ என்று கீழே எழுதினேன். பிறகு 2.40 பேருந்து ஏறினேன்.

இந்தப் பாதையில் வருகிறவர்களுக்கு: அக்டோபர், நவம்பர் மழையைத் தவிர்த்துவிடுங்கள், ஜனவரி, பிப்ரவரி நல்லது. தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே நிழல் கிடையாது, குடிநீர் கொண்டுபோக வேண்டும். எனக்கு இரண்டு நாளும் சேர்த்து 2,900 ரூபாய் செலவு. கட்டடம் நேராக விழ, கேமராவை அண்ணாந்து பிடிக்காமல் மட்டமாக வைத்துப் பின்னால் தள்ளி நின்று எடுங்கள். ஆளை அழிக்கும் வித்தையையும் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. மூலப் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். கூட வந்தவர் உட்கார்ந்தால் உட்காரட்டும்.

கயலின் பதில் பேருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது வந்தது. முகம் எங்கே என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. புடவையைப் பற்றியும் ஒன்றும் இல்லை. ‘அப்பா, அம்மா கால் ரெண்டும் ஏன் இப்படி வீங்கியிருக்கு? இது எப்ப எடுத்தது?’ என்று மட்டும் கேட்டிருந்தாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. செருப்பு வாரின் தடம் இரண்டு பாதத்திலும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அவள் இறப்பதற்கு ஒன்பது மாதம் முன்னால் எடுத்த படம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் என்னிடம் விவரமாகக் கேட்டார். இதற்கு முன் கால் வீக்கம் இருந்ததா, நடந்தால் மூச்சு வாங்கியதா, எத்தனை மாதமாக என்று. முன்னாலேயே தெரிந்திருந்தால் மருந்திலேயே பார்த்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்.

கயலுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. அவள் இந்த வலைப்பூவை விடாமல் படிப்பவள், இதையும் படிப்பாள். ஆமாம்மா, வீங்கித்தான் இருந்திருக்கிறது. டாக்டர் கேட்டபோது, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா நடப்பா, நான்தான் தினமும் பாக்குறேனே” என்று சொன்னது நான்தான்.